ஆர்எக்ஸ்100 எஞ்சின் போட்ட கோ-கார்ட்: எல்லாரும் கேட்கிற கேள்விகள்

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பரும் நானும் சேர்ந்து பட்டறைக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் ஒரு கோ-கார்ட் செய்தோம். எஞ்சின் பழைய யமஹா ஆர்எக்ஸ்100. ஃபிரேம் நாங்களே வளைத்து வெல்டிங் அடித்தது. ஓட்டுவது நண்பரின் மாமா பொறுப்பில் இருக்கிற, மூடிக்கிடக்கும் ஒரு மில் வளாகத்துக்குள். வண்டியை வெளியே தள்ளினால் போதும், டீ கொண்டுவருகிறவரில் இருந்து பாலிடெக்னிக் பையன்கள் வரை அதே பத்துப் பதினைந்து சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்துவிட்டேன்.

ஏனுங்க, இது காரா, பைக்கா? கோ-கார்ட்னா என்னங்க?

நாலு சக்கரம், ஒரு சீட், ஒரு எஞ்சின், அவ்வளவுதான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது. காரில் பின்சக்கரங்கள் இரண்டும் வளைவில் வேறு வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கும், இதில் அதுவும் இல்லை. இரண்டு பின்சக்கரமும் ஒரே ராடில் இறுக்கப்பட்டு ஒன்றாகச் சுற்றும். இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், கீழே பாதிப் பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

வீட்டில் செய்வது ஒன்றும் புதிதல்ல. முதல் கார்ட்டே அப்படி வந்ததுதான். 1956இல் கலிஃபோர்னியாவில் ரேஸ் கார் கட்டும் வேலையில் இருந்த ஆர்ட் இங்கல்ஸ், புல்வெட்டும் மெஷினுக்கான டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்றைக் குழாய் ஃபிரேமில் மாட்டி ஓட்டினார். இரண்டரை குதிரைசக்தி. நம்முடையது 11.

டூ-ஸ்ட்ரோக்தான் வேணுமா? பல்சர் எஞ்சின் போட்டா ஆகாதா அண்ணா?

தாராளமாக ஆகும். ஆனால் அது ஃபோர்-ஸ்ட்ரோக். டூ-ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு சுற்று வேலையை முடிக்கிற எஞ்சினில், வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் இல்லாததால் எஞ்சின் எடை குறைவு, உயரம் குறைவு, கழற்றி மாட்ட ஒரு மதியம் போதும். ஆர்எக்ஸ்100 எஞ்சின் 98 சிசி, 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைசக்தி. டிரைவரோடு சேர்த்து 160, 170 கிலோ உள்ள ஒரு கார்ட்டுக்கு அது நிறையவே. பந்தயத்திலும் இதே கதைதான், ரோட்டாக்ஸ் மேக்ஸ் எஞ்சின் 125 சிசி டூ-ஸ்ட்ரோக்.

ஆனால் ஆர்எக்ஸ்100 தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது, இப்போது அதற்கு ரசிகர் கூட்டம் வேறு, நல்ல எஞ்சின் விற்பவர் சொல்கிற விலையைக் கேட்டால் தலை சுற்றும். முதல் கார்ட் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் எஞ்சின். அதுவும் 98 சிசி டூ-ஸ்ட்ரோக்தான், கியர் போடும் தொல்லை இல்லை, செல்ஃப் ஸ்டார்ட் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் எஞ்சினோடு சேர்ந்த ஃபேன் அதைக் குளிர்விக்கும். ஃபேனின் அருமை ஏழாவது கேள்வியில் புரியும். எந்த எஞ்சின் வாங்கினாலும் பழைய வண்டியின் ஆர்சி நகலைக் கையில் வாங்கிக்கொண்டு எஞ்சின் நம்பரை ஒத்துப்பாருங்கள், திருட்டு எஞ்சின் நிறையச் சுற்றுகிறது.

எவ்ளோ ஸ்பீடு போகும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். பைக்கின் பின்சக்கரம் டயரோடு சேர்த்து 60 செ.மீ. குறுக்களவு, கார்ட்டின் பின் டயர் 11 அங்குலம், அதாவது 28 செ.மீ. அதே எஞ்சின், அதே பல்சக்கரம் போட்டால், பைக்கில் 100 போன இடத்தில் கார்ட் 47தான் போகும், ஆனால் இழுவை இரண்டு மடங்குக்கும் மேல். பின் பல்சக்கரத்தில் பல்லை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் 70 வரும். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

70 போதுமா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு: உட்காருமிடம் தரையிலிருந்து நாலு விரல் உயரம். 40இல் போகும்போதே 80 போல இருக்கும். பந்தயத்தில் ஓடும் 125 சிசி கியர் கார்ட்டுகள் 150ஐத் தாண்டும் என்பது உண்மைதான், ஆனால் அவற்றுக்கு முன்சக்கரத்திலும் பிரேக் உண்டு, நம்மிடம் இல்லை.

என்ன பைப், என்ன ராட் வாங்கணும்?

ஃபிரேமுக்கு ஒன்றேகால் அங்குல இஆர்டபிள்யூ பைப் (தகட்டை வளைத்து வெல்டிங் அடித்துச் செய்த எஃகுப் பைப்), கனம் 2 மி.மீ.க்குக் குறையாமல். தண்ணீர் பைப் மலிவாகக் கிடைக்கிறது என்று ஜிஐயில் இறங்காதீர்கள், வெல்டிங் அடிக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் புகையாக எழும், அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலும் குளிரும் வரும், வெல்டும் பஞ்சுபோல ஓட்டையாக நிற்கும்.

பின் அச்சுக்கு நாங்கள் போட்டது 30 மி.மீ. ஈஎன்8 (உறுதியான எஃகு) ராட், இரண்டு பக்கமும் அதைத் தாங்க யுசிபி 206 பிளம்மர் பிளாக், அதாவது கூட்டோடு வரும் பேரிங். முதலில் சும்மா கிடந்த ஒரு எம்எஸ் (சாதாரண மென் எஃகு) ராடைப் போட்டோம், மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே வளைந்து சக்கரம் ஆட ஆரம்பித்தது. செயின் 428. பல்சக்கரம் 40 பல் என்றால் அதன் குறுக்களவே 16 செ.மீ. வரும், டயரின் ஆரமோ 14 செ.மீ.தான், ஆகவே செயினுக்கும் தரைக்கும் நடுவே ஐந்தரை செ.மீ. இடம் மட்டுமே. அதில் ஒரு ஜல்லிக்கல் சிக்கினால் செயின் அறுந்து பறக்கும். மறைப்புத் தகடு இல்லாத செயினோடு வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பெட்ரோல்ல ஆயில் எவ்வளவு ஊத்தணும்?

லிட்டருக்கு 40 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். பைக்கில் 20, 25 போதும் என்பார்கள், ஆனால் கார்ட் நாள் முழுக்க உச்ச ரேஸில்தான் ஓடும். புகை வரும், வரட்டும். பழைய எஞ்சினில் ஆயில் பம்ப் இருந்தாலும் அதை நம்பாமல் டேங்கிலேயே கலப்பது நல்லது.

இப்போது பங்கில் கிடைப்பது இ20 பெட்ரோல், ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதற்குக் காற்று குறைவாகவும் எரிபொருள் கூடுதலாகவும் வேண்டும், ஆகவே மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையை, ஓரிரு அளவு பெரிதாக்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கலந்த பெட்ரோலைக் கேனில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அடியில் தண்ணீர் தங்கிவிடும். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குக் கலந்தால் போச்சு. ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: மாரி பிஸ்கட் நிறம் என்றால் சரி, வெள்ளை என்றால் உடனே நிறுத்திவிட்டு ஜெட்டை மாற்றுங்கள், ஈரக் கறுப்பு என்றால் பயமில்லை, வண்டி கொஞ்சம் மந்தமாக ஓடும்.

கிளச், பிரேக், ஆக்சிலேட்டர், மூணும் காலுக்கா? கியர் எப்படிப் போடுறது?

காலுக்கு இரண்டுதான். வலது கால் ஆக்சிலேட்டர், இடது கால் பிரேக். நடுவில் ஸ்டியரிங் தண்டு வருவதால் காலை மாற்றி மிதிக்க வழியே இல்லை, அதுவும் நல்லதற்குத்தான். கிளச் லீவரை ஸ்டியரிங் வளையத்துக்குப் பின்னால் இடது கைவிரலுக்கு எட்டும்படி மாட்டினோம், பைக்கில் இருந்த அதே லீவர், அதே மாதிரி கேபிள், கொஞ்சம் நீளம் கூட. எஞ்சின் சீட்டுக்கு வலப்பக்கம். பைக்கில் இடது காலுக்கு இருந்த கியர் தண்டு இப்போது சீட்டுப் பக்கம் வந்துவிடுகிறது, அதிலிருந்து ஒரு இணைப்பு ராடு போட்டு வலது கைக்கு ஒரு கம்பி. முன்னால் தள்ளினால் ஒரு கியர், பின்னால் இழுத்தால் இன்னொன்று.

புறப்படும்போது மட்டும் கிளச்சை மெதுவாக விடுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் கீழ் ரேஸில் இழுவையே இருக்காது, பயந்து பயந்து ரேஸ் கொடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும், கிளச்சைப் பட்டென்று விட்டால் டயர் வழுக்கும். நல்ல ரேஸ் வைத்து, விரல் இரண்டால் ஒரு விநாடி இழுத்து இழுத்து விட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு கியர் மாற்ற ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுக் கம்பியை இழுத்தாலே விழும். ஆனாலும் இடது கை விரல் ஒன்று எப்போதும் கிளச் மேல் இருக்கட்டும். காரணம் அடுத்த பதிலில்.

டூ-ஸ்ட்ரோக் ஜாம் ஆயிரும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம்தான், எனக்கே நடந்தது. மில் வளாகத்தில் பஞ்சு கோடவுன் சுவரை ஒட்டி ஒரு நீள நேர்க்கோடு இருக்கிறது. மே மாத மதியம், மூன்றாவது கியர், முழு ரேஸ். கடைசியில் வளைவுக்காக ஆக்சிலேட்டரைவிட்டுக் காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் ஒரு நொடி கீச்சென்று மெலிந்தது, அவ்வளவுதான் தெரியும். பின்சக்கரங்கள் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன, வண்டி ஒன்றரைச் சுற்று சுற்றி, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. விலா எலும்பு சீட்டு விளிம்பில் இடித்து, பத்து நாள் இடது பக்கம் படுக்க முடியவில்லை. ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றினால் பிஸ்டனில் சைலன்சர் பக்கமாக மேலிருந்து கீழ்வரை நாலு கீறல், கை வைத்தால் நகம் மாட்டியது.

மூன்று காரணங்கள் ஒன்று சேர்ந்தன. ஆர்எக்ஸ்100 காற்றில் குளிர்கிற எஞ்சின். பைக்கில் அது முன்சக்கரத்துக்குப் பின்னால் காற்றுக்கு நேராக நிற்கும், கார்ட்டில் என் தோளுக்கும் சீட்டுக்கும் மறைவில் ஒதுங்கி நிற்கிறது. இரண்டாவது, ஜெட் சின்னது. மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் உள்ளே போகிறது, உச்ச ரேஸில் ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோலும் நிற்கும், ஆயிலும் நிற்கும், எஞ்சின் மட்டும் 7000, 8000 ஆர்பிஎம்மில் உலர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது அலுமினியத் தகட்டில் ஒரு வாய் செய்து முன்னிருந்து காற்றைச் சிலிண்டருக்கு இழுத்துவிட்டிருக்கிறோம். ஜெட் மாற்றினோம், சிலிண்டரைக் குடைந்து (போர் போட்டு) 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றினோம். நீள நேர்க்கோட்டின் முடிவில் காலை எடுக்கும்போதே கிளச்சை இழுத்துவிடுகிறேன். சத்தம் மெலிந்தால் யோசிக்காமல் கிளச், அப்போது எஞ்சின் நின்றாலும் சக்கரம் உருளும்.

பைக்ல சூப்பரா ஓடுன கார்புரேட்டர், கார்ட்ல வளைவுல மட்டும் ஏன் மூச்சு வாங்குது?

இதைக் கேட்ட பையனுக்கு அன்றைக்கே டீ வாங்கிக்கொடுத்தேன், அருமையான கேள்வி. பைக் வளைவில் சாயும். சாய்வதால் விசை எப்போதும் வண்டியின் அடிப்பக்கம் நோக்கியே விழும், கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலுக்குத் தான் வளைவில் இருப்பதே தெரியாது. கார்ட் சாயாது. பெட்ரோல் முழுக்க ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும், ஜெட் வாய் காய்ந்துவிடும், அல்லது மறுபக்கம் வழிந்து எஞ்சின் மூழ்கும். கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்கும் என்று தீர்மானிக்கிற ஃப்ளோட் (மிதவை) மட்டத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தோம், முக்கால்வாசி சரியானது. முழுக்கச் சரியாக வேண்டும் என்றால் கிண்ணத்துக்குப் பதில் சவ்வு வைத்து, கார்ட்டுக்கென்றே வரும் டயஃப்ரம் கார்புரேட்டர்தான்.

இன்னொன்று, பைக்கில் டேங்க் எஞ்சினுக்கு மேலே. கார்ட்டில் டேங்க் காலுக்கு நடுவே தரையோடு. பெட்ரோல் தானாக ஏறாது, கிரான்க் கேஸின் (எஞ்சினின் அடிப்பெட்டி) அழுத்தத்தில் துடிக்கும் சின்ன பம்ப் ஒன்று வேண்டும். டேங்கைச் சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் கட்டிவிடலாமே என்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் பெட்ரோலா? வேண்டாம்.

ஸ்டியரிங் திருப்புனா வண்டி நேரா போகுதுங்க, என்ன தப்பு?

முதல் பதிலில் சொன்ன ஒரே ராடு. வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போக வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சுற்றுவதால் முடியவில்லை, ஆகவே வண்டி நேராகத் தள்ளுகிறது. அதற்கு விடை, உள்பக்கப் பின்சக்கரம் வளைவில் தரையை விட்டு ஒரு நூல் தூக்கிக்கொள்ள வேண்டும். முன்சக்கரங்களின் கிங்பின், அதாவது சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் போல்ட், பின்னால் சாய்ந்திருந்தால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்பக்க முன்சக்கரம் கீழே அழுந்தி, எதிர்மூலைப் பின்சக்கரம் கனம் ஏற, உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொள்ளும். வீட்டுக் கார்ட்டுகளில் பாதிப் பேர் கிங்பின்னை நெட்டுக்குத்தாக வெல்டிங் அடித்துவிடுகிறார்கள், அப்புறம் என்ன ஸ்டியரிங் போட்டாலும் திரும்பாது. ஃபிரேமைக் கட்டில்போலக் குறுக்குக் கம்பி போட்டு இறுக்கிவிடுவதும் அதே தப்பு, அது கொஞ்சம் முறுக வேண்டும்.

ஓட்டுகிறவரின் பங்கும் உண்டு. பைக் ஓட்டிப் பழகியவர்கள் வளைவின் உள்பக்கம் சாய்வார்கள். இங்கே அது தூக்க வேண்டிய சக்கரத்தின் மேல் போய் உட்காருவது மாதிரி. நேராக உட்காருங்கள், தோளை வெளிப்பக்கம் சரியவிடுங்கள், ஸ்டியரிங்கைத் தடவித் தடவித் திருப்பாமல் ஒரே அசைவில் திருப்புங்கள்.

பிரேக் புடிச்சா வண்டி சுத்திருது...

பிரேக் பின் ராடில் மட்டும், ஒரே டிஸ்க்கில் இரண்டு சக்கரமும் பிடிக்கும். நேராக ஓடும்போது அழுத்தினால் நிற்கும். திருப்பிக்கொண்டே அழுத்தினால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். ஆகவே வளைவுக்கு முன்னாலேயே பிரேக், பிரேக்கை விட்டபிறகு திருப்பு, வளைவு முடிகிற இடம் தெரிந்தபிறகு ரேஸ். சுற்றிவிட்டால் கிளச்சும் பிரேக்கும் சேர்த்து அழுத்துங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் பின்னோக்கி உதைத்துப் பாதித் தடத்தில் நின்றுபோகும்.

சாவி இல்லையே, எப்படி ஆஃப் பண்றது?

இந்த எஞ்சினில் பொறி வருவது மேக்னெட்டில் இருந்து. பேட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மேக்னெட்டில் இருந்து வரும் ஒயரை எர்த்தில் தொட்டால்தான் நிற்கும். நாங்கள் இரண்டு சுவிட்ச் வைத்தோம்: ஸ்டியரிங்கில் ஒன்று, இன்னொன்று இடுப்பில் கட்டிய கயிறு இழுபட்டால் தானாக எர்த் ஆகும் வகை. ஆக்சிலேட்டருக்கும் இரண்டு ஸ்பிரிங், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று மூடும். முதல் நாள் கேபிள் சிக்கி முழு ரேஸில் அலறிக்கொண்டிருந்த வண்டியை நண்பர் ஓடிப்போய்ப் பிளக் கேப்பைப் பிடுங்கி நிறுத்தினார். அன்றைக்கு அவருக்கு அடித்த ஷாக்கை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

சைலன்சரை வெட்டிட்டா பவர் ஏறும்தானே?

ஏறாது, இறங்கும். டூ-ஸ்ட்ரோக் சைலன்சரின் வயிறு சும்மா அழகுக்கு உப்பியிருக்கவில்லை. வெளியே போன புகையின் அழுத்த அலை அந்தக் கூம்பில் மோதித் திரும்பிவந்து, வெளியேறப் பார்க்கிற புதுப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. வெட்டினால் சத்தம் மட்டும் கூடும். கூடுதல் தகவல்: முழங்கை சைலன்சர் பக்கம்தான் வரும், தகடு மறைப்பு வையுங்கள்.

சீட் பெல்ட் போடலீங்களா?

இல்லை, மறதியும் இல்லை. தலைக்கு மேல் கம்பிக்கூடு இல்லாத வண்டி புரண்டால் பெல்ட் உங்களை அதன் அடியில் பிடித்துவைத்துக்கொள்ளும். பந்தயக் கார்ட்டிலும் பெல்ட் கிடையாது. அதற்குப் பதில் சீட் இடுப்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும், விலாவுக்குப் பாதுகாப்பு, முகம் மூடிய ஹெல்மெட், கையுறை.

நம்ம லே-அவுட் ரோட்ல ஞாயித்துக்கிழமை ஓட்டுனா யார் கேக்கப் போறா?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, பதிவு இல்லாத மோட்டார் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. மக்கள் போய்வர உரிமையுள்ள எந்தச் சாலையும் பொது இடம்தான், ஆள் நடமாட்டம் இல்லை என்பதெல்லாம் செல்லாது. வீட்டில் செய்த கார்ட்டுக்கு நம்பர் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், பேருந்து டிரைவர் கண்ணுக்கு உங்கள் தலையே தெரியாது.

சொந்த வளாகம், அல்லது அனுமதி வாங்கிய இடம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே (பந்தயத் தடம்) பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேராகப் போய்விடாதீர்கள், முன்கூட்டியே பேசுங்கள்.

பையனுக்குப் பன்னெண்டு வயசு, ஓட்டக் குடுக்கலாமா?

இந்த வண்டியை, கூடாது. சிறுவர்களுக்குக் குறைந்த சக்தியில், கியர் இல்லாத, தானாகப் பிடிக்கும் கிளச் உள்ள நான்கு-ஸ்ட்ரோக் கார்ட் வாடகைத் தடங்களில் உண்டு, அங்கே தொடங்கட்டும். சாலையில் கொடுத்தால் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு: பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு நான் ஓட்டிப் பாக்கட்டா?

கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது இங்கேதான். ஷூ போட்டிருக்கிறாயா? செருப்பு என்றால் அடுத்த வாரம் வா. துப்பட்டா, துண்டு, தொங்கும் ஹெட்போன் ஒயர், கழுத்துச் சங்கிலி எல்லாம் கழற்றி டேபிள் மேல். முடி நீளம் என்றால் ஆணோ பெண்ணோ, கட்டி, சட்டைக்குள் விட்டு, அதற்கு மேல் ஹெல்மெட். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும் 2020இல் ஹைதராபாத் அருகிலும் கார்ட்டில் முடி சிக்கி இரண்டு பெண்கள் இறந்தார்கள், சுற்றுகிற பின் ராடு முதுகுக்கு ஒரு சாண் பின்னால்தான்.

அப்புறம், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை கிளச், பிரேக், சுவிட்ச் என்று நான் சொல்லச் சொல்லத் தொட்டுக்காட்ட வேண்டும். பத்து முறையும் தவறாமல் சரியாகத் தொட்டால் தள்ளிவிடுகிறேன், இரண்டாவது கியரில் கிளச்சை விட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். முதல் ரவுண்டு கோடவுன் சுவர்ப் பக்கம் போகாமல், லாரி நிறுத்துமிடத்திலேயே திரும்பி வா.